நிறுத்திக் கேட்கும் உரிமை

பெங்களூரு நகரின் தென்கிழக்கு விளிம்பில், ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பொம்மசந்திரா, ஆனேக்கல் வட்டத்தின் ஒரு சிற்றூராக இருந்து தொழிற்பேட்டையாக வளர்ந்து, இப்போது அத்தொழிற்பேட்டையைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் புறநகராக மாறிவிட்டது. பயோகான் நிறுவனமும் நாராயணா ஹெல்த் மருத்துவ வளாகமும் ஏராளமான சிறு, நடுத்தர ஆலைகளும் வெகு காலமாகவே இங்கு ஆட்களை ஈர்த்து வந்தன. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் நீளத்தில் 16 நிலையங்களுடன் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடம், நகரின் நடுவில் வேலை பார்ப்பவர்களையும் இப்பக்கம் வீடு தேட வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள், ஒடிசா, பிகார், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், தலைமுறைகளாக இங்கேயே வாழும் கன்னடக் குடும்பங்கள் என எல்லாரும் அடுக்ககங்களிலும், பி.ஜி. என்று சொல்லப்படும் கட்டண விடுதிகளிலும், ஒற்றை அறை வரிசை வீடுகளிலும், சந்தாபுராவை ஒட்டிக் கர்நாடக வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய சூர்யா நகரிலும் குடியிருக்கின்றனர்.

இவர்களில் எவராயினும் குடிபுகும் முன் அட்வான்ஸ் தொகையோடு தம்மைப் பற்றிய தகவல்களையும் ஒப்படைத்தாக வேண்டும். ஆதார் நகல், பான் எண், கைபேசி எண், பணியிட அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், சொந்த வீடானால் கிரயப் பத்திரமும் வீட்டுக் கடன் ஆவணங்களும், குடிபுகுந்தபின் வண்டி எண், வீட்டு வேலைக்கு வருபவரின் புகைப்படம், வந்துபோகும் விருந்தினரின் பெயரும் நேரமும் என அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றை வாங்கி வைத்திருப்பவை குடியிருப்பு நிறுவனங்கள். 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டத்தின்கீழோ 1960-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழோ பதிவான உரிமையாளர் சங்கங்கள், வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கங்கள், அரசு வாரியங்கள், கட்டுநர்களின் விற்பனை அலுவலகங்கள், பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் நிறுவனங்கள், விடுதி நடத்துவோர் ஆகிய அனைத்தையும் இச்சொல்லில் அடக்கலாம். சட்டப்படி இவை வெவ்வேறு வகையானவை என்றாலும் அன்றாட நடப்பில் ஒன்றுபோலவே இயங்குகின்றன. ஏனெனில் தகவல் இவற்றின் தலைவர்களிடம் இருப்பதில்லை, வாயிலில் நிற்கும் காவலர், அலுவலக உதவியாளர், கணக்கர், பராமரிப்பு மேலாளர் ஆகியோரின் கைகளில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001-இல் பெங்களூரில்தான் தொடங்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தை மையமாகக் கொண்டு மாநில அரசின் சைபர் பாதுகாப்புச் சிறப்பு மையம் இயங்குகிறது. 2024 ஆகஸ்டில் கர்நாடக அரசு தனக்கெனச் சைபர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. பொம்மசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள எலக்ட்ரானிக் சிட்டியில், உலகின் பெருநிறுவனங்களுக்கு இணையப் பாதுகாப்பைத் தொழிலாகவே செய்து தருபவர்கள் ஆயிரக்கணக்கில் பணியாற்றுகின்றனர். அப்படிப் பணியாற்றுபவர் மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய வண்டி எண்ணையும் வரவு நேரத்தையும் பதிவு செய்யும் காவலருக்கு, அந்தத் துறையின் அரிச்சுவடி கூட எவராலும் சொல்லித் தரப்படவில்லை. இந்த இடைவெளி கவலைக்குரியது. அதைக் காவலரின் அறியாமை என்று எழுதிவிட்டுக் கடந்து போவது நியாயமாகாது. கேள்வி கேட்கும் உரிமையை அவருக்கு நிறுவனம் தந்திருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

ஆவணத்திலிருந்து விரல்ரேகை

வீட்டு ஆவணமே திருட்டுக்குக் கருவியாக முடியும் என்பதைக் கர்நாடகம் 2023-இல் நேரடியாகக் கண்டது. சொத்துப் பதிவுக்காக முத்திரை மற்றும் பதிவுத்துறை நடத்தும் காவேரி 2.0 என்ற இணையதளத்தில் பதிவான பத்திரங்களின் நகல்களைப் பெற முடிந்தது. பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் ஆகியோரின் ஆதார் எண்ணும் பெருவிரல் ரேகையும் இருக்கும். ஆதார் வழிப் பணப்பரிமாற்ற முறை எனப்படும் ஏற்பாடு, ஏ.டி.எம். இல்லாத சிற்றூர்களில் வங்கி முகவரிடம் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் எடுக்க உதவுவதற்காக வந்தது, அதற்கு ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் தேவையில்லை. பத்திரத்திலிருந்த ரேகையைப் பிரதி எடுத்து, அதைக் கொண்டு உரியவருக்குத் தெரியாமலே அவருடைய கணக்கிலிருந்து பணத்தை எடுத்தது ஒரு கும்பல். பெங்களூரு போலீஸார் விசாரித்துப் பிகாரைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தனர். பதிவுத்துறை தன் தளத்தில் கிடைக்கும் நகல்களில் ரேகைகளை மறைத்தது. ஆதாரின் உடற்கூறு அடையாளப் பகுதியைப் பூட்டி வைக்கும்படி பொதுமக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அரசுத் தளத்தில் ரேகை மறைக்கப்பட்டதோடு இது முடிந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. அதே பத்திரத்தின் பழைய ஜெராக்ஸ் நகல், உறுப்பினர் சேர்க்கைக்காகச் சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்த கோப்பு அலுவலகக் கணினியில் இருக்கிறது, மேலாளரின் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, பல சமயம் அவருக்கு முன்பிருந்த மேலாளரின் சொந்தக் கைபேசியிலும் இருக்கிறது. ரேகையுள்ள பக்கத்தை வாங்கத் தேவையே இல்லை, உரிமையைக் காட்டும் முதற்பக்கமும் சொத்து விவரப் பக்கமும் போதும் என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டால் பாதி ஆபத்து அன்றே நீங்கிவிடும். அப்படியொரு தீர்மானத்துக்குச் செலவு ஏதும் இல்லை.

இதே காவேரி தளம் 2025 ஜனவரியில் வேறொரு வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. போலிக் கணக்குகளிலிருந்து ஒரே நேரத்தில் பெருந்தொகையான கோரிக்கைகளை அனுப்பித் தளத்தைத் திணறடிப்பதைச் சேவை மறுப்புத் தாக்குதல் என்பர். அதன் விளைவாக மாநிலமெங்கும் பத்திரப் பதிவு பெரிதும் தடைப்பட்டு, சைபர் குற்றப் பிரிவில் வழக்குப் பதிவானது. வீட்டுக் கடனுக்குத் தேதி குறித்துவிட்டுப் பதிவுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த நாட்கள் எத்தகையவையாக இருந்திருக்கும் என்பதை வீடு வாங்கிய எவரும் உணர்வர்.

விடுதிகளின் நிலை இன்னும் எளிதில் உடையக்கூடியது. தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலைக்கு வரும் இளைஞர் ஆண்டுக்கு இரண்டு மூன்று விடுதி மாறுவதுண்டு. போகும் இடமெல்லாம் ஆதார் நகல் கொடுக்கிறார், காலி செய்யும்போது அட்வான்ஸைக் கேட்டு வாங்குகிறாரே தவிர நகலைக் கேட்பதில்லை. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27 அன்று வெளியிட்ட அறிக்கையில், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம் என்றும், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துமாறும் கூறியது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில், மே 29 அன்று, மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கை திரும்பப் பெறப்பட்டாலும் மறைக்கப்பட்ட ஆதார் என்ற வசதி திரும்பப் பெறப்படவில்லை. ஆணையத்தின் தளத்திலிருந்து இன்றும் அதைப் பதிவிறக்கலாம். விடுதி மேசையில் அமர்ந்திருப்பவர் அதைச் செல்லாத அட்டை என்று திருப்பியனுப்பினால், அந்த வசதி இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. ஆகவே விழிப்புணர்வு என்பதில், குடியிருக்க வருபவர் தம்மைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சியைப் பணியாளர் தடுக்காமலிருப்பதும் அடங்கும்.

கணக்கரின் மேசைக்கு வரும் கடிதம்

குடியிருப்புச் சங்கங்களின் பணத்தைக் குறிவைக்கும் மோசடி எவ்வாறு நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இருநூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மாதந்தோறும் தண்ணீர் டேங்கர், லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் டீசல், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, காவலர் ஒப்பந்தம் எனப் பல பில்கள் வருகின்றன. ஒரு நாள் பகலில், லிஃப்ட் நிறுவனத்திடமிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் கணக்கருக்கு வருகிறது. நிறுவனத்தின் சின்னம் சரியாக இருக்கிறது, ஒப்பந்த எண் சரியாக இருக்கிறது, கீழே வழக்கமாகக் கையெழுத்திடும் அதே அதிகாரியின் பெயர் இருக்கிறது. தணிக்கை காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இம்மாதத் தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்பவும், தாமதமானால் நாளை பராமரிப்பு ஆள் வரமாட்டார் என்று அதில் எழுதியிருக்கிறது. அனுப்பியவரின் முகவரியில் ஒரே ஒரு வேறுபாடு: எம் என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. கைபேசித் திரையில் அவை ஒட்டிக்கொண்டு எம் போலவே தெரியும். மூன்றாம் தளத்தில் லிஃப்ட் நின்றுபோய் ஒரு முதியவர் காத்திருக்கும் அந்த வேளையில், பொருளாளர் அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் அந்த வேளையில், கணக்கர் அந்த இரண்டு எழுத்துகளைப் பிரித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு ஒவ்வாதது.

வணிக மின்னஞ்சல் மோசடி என அழைக்கப்படும் இவ்வகை ஏமாற்றில் கணினிக்குள் நச்சு நிரல் எதுவும் புகுவதில்லை. எனவே விலை கொடுத்து வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு இங்கு வேலையே இல்லை. முதலில் ஒரு மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லைப் பறித்து, சில வாரங்கள் கடிதப் போக்குவரத்தை மௌனமாகப் படித்து, பில் எப்போது வரும், யார் ஒப்புதல் தருவார், எந்த நடையில் எழுதுவார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு உரிய நாளில் அந்தப் போலிக் கடிதத்தை அனுப்புவதும் உண்டு. இதன் வாட்ஸ்அப் வடிவம் இன்னும் எளியது: சங்கத் தலைவரின் புகைப்படத்தை முகப்பில் வைத்த ஒரு புதிய எண்ணிலிருந்து, அவசரமாக ஒரு தொகை அனுப்பும்படியோ பரிசுக் கூப்பன் வாங்கும்படியோ செய்தி வரும். தலைவரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பணியாளர் நினைக்கிறார். மோசடிக்காரர் முதலீடு செய்வது அந்த மரியாதையில்தான்.

வாடகைக்கு விடுவோரைக் குறிவைக்கும் ஏமாற்றுகளும் பழகிவிட்டன. இணைய விளம்பரத்தைப் பார்த்து ராணுவ அதிகாரி என்றோ மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் அழைப்பார், வீட்டை நேரில் பாராமலே அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி, முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள், அது இரட்டிப்பாகத் திரும்பும் என்பார், பின்னர் யு.பி.ஐ. பின் எண்ணைப் போட வைப்பார். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்ற ஒற்றை விதியை அறிந்திருந்தால் இந்த வலை அறுந்துவிடும். இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று மிரட்டும் குறுஞ்செய்தி பற்றி பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமே மக்களை எச்சரித்திருக்கிறது. போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வரும் ஏ.பி.கே. கோப்புகள் கைபேசியில் நிறுவப்படும் செயலிகள். நிறுவிய மறுகணமே குறுஞ்செய்திகளைப் படித்து ஓ.டி.பி.யைத் திருடிவிடக் கூடியவை. சங்கத்தின் வங்கிக் கணக்கோடு இணைந்த எண் பொருளாளரின் சொந்தக் கைபேசியில் இருக்குமானால், அவர் வீட்டுச் சிறுவன் தொட்ட ஒரு கோப்பு இருநூறு குடும்பங்களின் பணத்துக்கு வழி திறந்துவிடலாம்.

வெளிநாடுகளில் நேர்ந்தவை

குடியிருப்பு நிறுவனத்தின் கணினி முடங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் தெளிவான சான்றுகளைத் தருகின்றன. லண்டனின் ஹாக்னி மாநகராட்சியில் 2020 அக்டோபரில், கோப்புகளைப் பூட்டிவிட்டு விடுவிக்கப் பணம் கேட்கும் மீட்புப்பணத் தாக்குதல் நடந்தது. 4,40,000 கோப்புகள் பூட்டப்பட்டன. குறைந்தது 2,80,000 குடியிருப்பாளர்கள் பாதிக்கப்பட்டனர். வீடு வாங்குவதற்குத் தேவையான நிலத் தேடல் சான்றுகளும் வீட்டுவசதிப் படிகளும் மாதக்கணக்கில் தடைப்பட்டன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 ஜூலையில் மாநகராட்சியைக் கண்டித்தபோது சுட்டிய குறைகளில் ஒன்று, எவரும் பயன்படுத்தாமல் கிடந்த, பலவீனமான கடவுச்சொல் கொண்ட ஒரு பழைய கணக்கு. அந்நாட்டின் மிகப்பெரிய வீட்டுவசதிச் சங்கமும் 1,25,000 வீடுகளைப் பராமரிப்பதுமான கிளாரியன், 2022 ஜூனில் தாக்கப்பட்டபோது, ஒழுகும் கூரைக்கும் பழுதான கொதிகலனுக்கும் புகார் சொல்லக்கூட வாடகைதாரர்கள் அல்லாட நேர்ந்தது. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் வீட்டுவசதி முகமை முடங்கியதால், ஏறத்தாழ 8,000 ஏழைக் குடும்பங்களுக்காக வீட்டு உரிமையாளர்களுக்குச் செல்ல வேண்டிய வாடகை தாமதமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுவசதி ஆணையம் 2022 டிசம்பர் 31 அன்று தாக்குதலைக் கண்டறிந்தது. ஊடுருவியவர்களோ அவ்வாண்டு ஜனவரி 15 முதலே உள்ளே இருந்திருக்கின்றனர்.

பழைய கணக்கு என்ற அந்த ஹாக்னிப் பாடம் பொம்மசந்திராவுக்கு அப்படியே பொருந்துகிறது. 2016-இல் பெங்களூரில் தொடங்கிய மைகேட் போன்ற வாயில் செயலிகள் வந்தபின், பார்வையாளரைப் பதிவு செய்யும் நோட்டுப் புத்தகத்தின் இடத்தை ஒரு கைபேசியோ டேப்லெட்டோ பிடித்துக்கொண்டது. பகல் காவலர், இரவுக் காவலர், விடுப்புக்கு மாற்றாக வருபவர் என எல்லாரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் அதற்குள் நுழைகின்றனர். காவலர் ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் கடவுச்சொல் மாறுவதில்லை. வேலையை விட்டுப் போன மேலாளர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பல மாதம் கழித்தும் உறுப்பினராக இருக்கிறார். கண்காணிப்புக் கேமராவைப் பொருத்திய ஆள் ஆலையில் வைத்த தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுச் செல்கிறார். 2016-இல் உலகெங்கும் இணையச் சேவைகளை உலுக்கிய மிராய் என்ற நச்சு நிரல் இத்தகைய மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே கேமராக்களைத் தன் வசமாக்கியது. கேமராவின் கடவுச்சொல்லும் வாயில் செயலியின் கடவுச்சொல்லும் வாயிற்கூண்டின் சுவரில் ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருப்பதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பயிற்சி வகுப்பின் எல்லை

இத்தகைய ஆபத்துகளைக் கண்ட நிர்வாகங்கள் உடனே நாடுவது ஒருநாள் பயிற்சி வகுப்பை. அதனால் எவ்வளவு பயன் என்பதை ஆய்வுகள் சோதித்திருக்கின்றன. சூரிச் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் நடத்திய ஆய்வில், போலி மோசடி மின்னஞ்சலைச் சோதனைக்காக அனுப்பி, அதைச் சொடுக்கியவருக்கு அந்த இடத்திலேயே பாடம் காட்டும் முறை ஊழியர்களை வலுப்படுத்தவில்லை என்றும், சிலரை மேலும் அலட்சியமாக்கவும் கூடும் என்றும் கண்டனர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக மருத்துவத் துறையில் ஏறத்தாழ 19,500 ஊழியர்களிடம் எட்டு மாதம் நடந்த மற்றோர் ஆய்வு, பயிற்சி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே ஏமாறும் விகிதத்தில் இருந்த வேறுபாடு 1.7 சதவீதம் மட்டுமே என்றது. காட்டப்பட்ட பாடத்தைப் பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் மூடிவிட்டனர்.

சூரிச் ஆய்வின் இன்னொரு முடிவு இங்கு அதிகம் பேசப்படாதது, ஆனால் மிக முக்கியமானது. ஐயத்துக்குரிய மின்னஞ்சலைக் கண்டதும் புகார் செய்ய ஒரு பொத்தான் கொடுக்கப்பட்டபோது, ஊழியர்கள் சலிப்பின்றி நீண்ட நாள் புகார் செய்துகொண்டே இருந்தனர். அவர்களில் சிலர் சில நிமிடங்களிலேயே சொல்லிவிட்டதால் மற்றவர்களைக் காக்க முடிந்தது. ஒவ்வொருவரையும் ஏமாறாத மனிதராக்குவது நடவாத காரியம்; ஒருவர் ஐயப்பட்டதும் அது உடனே பத்துப் பேருக்குத் தெரியும்படி செய்வது நடக்கக்கூடிய காரியம். வெரைசான் நிறுவனத்தின் 2024 அறிக்கை, மோசடி மின்னஞ்சலைத் திறந்தவர் அதிலுள்ள இணைப்பைச் சொடுக்க எடுக்கும் இடைநிலை நேரம் 21 வினாடி என்றும், அடுத்த 28 வினாடியில் தம் விவரங்களைத் தந்துவிடுகிறார் என்றும் கணக்கிட்டது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்த இடைவெளியில் ஓராண்டுக்கு முன் கேட்ட சொற்பொழிவு நினைவுக்கு வருவதில்லை. கை தானாகச் செய்யப் பழகிய ஒரு வழக்கம் மட்டுமே உதவும்.

எனவே குடியிருப்பு நிறுவனம் தன் பணியாளருக்குத் தர வேண்டியது சில உறுதியான வழக்கங்களும், அவற்றைக் கடைப்பிடித்ததற்காக எவரும் கோபிக்க மாட்டார் என்ற எழுத்துவழி உத்தரவாதமும் ஆகும். வங்கிக் கணக்கு மாற்றம் எந்த வழியில் வந்தாலும், சங்கத்தின் பழைய ஒப்பந்தத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே அழைத்து உறுதி செய்ய வேண்டும். வந்த கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைப்பது மோசடிக்காரரிடமே சான்று கேட்பதாகும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவர் ஒப்புதலின்றிப் பணம் போகக்கூடாது, அவ்விருவரில் ஒருவர் பயணத்தில் இருந்தால் பணமும் காத்திருக்க வேண்டும். தலைவரே அழைத்தாலும் கணக்கர் ஐந்து நிமிட அவகாசம் கேட்டு, அழைப்பை வைத்துவிட்டு, தலைவரின் பழைய எண்ணுக்குத் திருப்பி அழைக்கலாம் என்பதைப் பொதுக்குழுவில் தலைவரே சொல்லிப் பதிவு செய்துவிட்டால், அந்தப் பதிவு எந்த மென்பொருளையும் விட வலிமையானது. வாயிலில் நிற்பவர் ஒரு குடியிருப்பாளரின் கைபேசி எண்ணைக் கேட்டு வரும் கூரியர் ஆளிடம் தர மறுக்கலாம், பெண்கள் விடுதியில் யார் எந்த அறையில் இருக்கிறார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதற்காகப் புகார் வந்தால் நிர்வாகம் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

இந்த உத்தரவாதம் எந்த மொழியில் தரப்படுகிறது என்பதும் பெரிய கேள்வி. பொம்மசந்திராவின் வாயிற்கூண்டுகளில் அசாமியரும் ஒடியரும் நேபாளியரும் நிற்கின்றனர். துப்புரவுப் பணியில் தமிழும் தெலுங்கும் பேசுவோர் மிகுதி. மேலாளர் கன்னடத்தில் பேசி ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஆங்கிலப் படக்காட்சியைத் திரையில் ஓட்டிவிட்டு வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவது எவரையும் காக்காது. சக பணியாளர் ஒருவரே தம் தாய்மொழியில், பணி மாறும் நேரத்தில், அந்த வாரம் வந்த ஒரு போலிச் செய்தியைக் கைபேசியில் காட்டிப் பத்து நிமிடம் பேசினால் அது நிற்கும். மொழியைவிட ஆழமான தடை அச்சம். ஏஜென்சி வழியே வேலைக்கு வந்த காவலர், தவறான இணைப்பைத் தொட்டுவிட்டதாகச் சொன்னால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ, வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்களோ என்று அஞ்சி மறைக்கிறார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். பிழையை உடனே சொன்னவருக்குத் தண்டனையில்லை என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க மறுக்கும் நிர்வாகம், விழிப்புணர்வைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது.

பணம் போய்விட்டால் நேரமே எல்லாம். 2021-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தொடங்கிய நிதி மோசடிப் புகார் ஏற்பாட்டில், 1930 என்ற எண்ணுக்கு அழைத்தால் புகார் உரிய வங்கிகளுக்குச் சென்று, பணம் கணக்கிலிருந்து கணக்குக்குத் தாவி மறைவதற்குள் நிறுத்தி வைக்கும் முயற்சி தொடங்கும். மோசடிப் பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிக்கப்படுவதால், நிர்வாகக் குழு கூடி ஆலோசித்துவிட்டு மறுநாள் அழைப்பது பயன் தராது. எனவே கணக்கர் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் 1930-ஐ அழைக்கலாம் என்பதும், பரிமாற்ற எண், நேரம், தொகை ஆகியவற்றை எங்கே பார்த்துச் சொல்வது என்பதும் முன்கூட்டியே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் தம் கணினி அமைப்பில் நேர்ந்த ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று ஆணை பிறந்திருக்கிறது; கட்டுநர்களும் வாரியங்களும் அதை அறியாதவர்போல் இருக்க முடியாது.

வரவிருக்கும் சட்டக் கடமை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அத்தீர்ப்பின் வழியில் வந்த 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக, எவ்வாறு தகவல் பயன்படும் என்பதைத் தீர்மானிப்பவரைத் தரவுப் பொறுப்பாளர் என்று இச்சட்டம் அழைக்கிறது. பதிவு பெற்றதாயினும் பெறாததாயினும் தனிமனிதர்களின் கூட்டமைப்பு எதையும் சட்டத்தின் சொல்விளக்கம் உள்ளடக்குவதால், நாற்பது வீட்டுச் சங்கமும் விடுதிக்காரரும் இதற்கு வெளியே இல்லை.

தாளில் எழுதி, தாளிலேயே இருக்கும் பதிவு இச்சட்டத்துக்கு உட்படாது. ஆனால் வாயில் நோட்டின் ஒரு பக்கத்தைக் காவலர் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட கணமே அது மின்னணுத் தரவாகிவிடும். அவசியத்துக்கு மேல் வாங்கக்கூடாது, தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்பன அடிப்படைக் கடமைகள். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு விரிவான அறிக்கையும் தர வேண்டும். சிறு சங்கங்களின் மேல் உச்சபட்ச அபராதம் விழும் என்று மிரட்டுவது நேர்மையாகாது, தவறின் தன்மையையும் விளைவையும் பார்த்தே வாரியம் தொகையை நிர்ணயிக்கும். ஆயினும் கடமை எல்லாருக்கும் உண்டு.

இச்சட்டத்தின் ஒரு பிரிவு பொம்மசந்திரா போன்ற பன்மொழிப் புறநகருக்கென்றே எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. தகவல் கேட்கும்போது தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைக் குடியிருப்பாளருக்கு அது தருகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து விடுதியில் அறை எடுக்கும் தொழிலாளி, எதற்காக என் ஆதாரைக் கேட்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதித் தரும்படி கேட்கலாம். ஒடிசாவிலிருந்து வந்தவர் ஒடியாவில் கேட்கலாம். அந்தக் கேள்வி சங்கத் தலைவரிடம் போகாது, விடுதி முதலாளியிடமும் போகாது. மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஜெராக்ஸ் வாங்கும் உதவியாளரிடம்தான் கேட்கப்படும். அவர் கையில் கொடுக்க அந்த மொழிகளில் அச்சிட்ட ஒரு பக்க அறிவிப்பையும், காலி செய்பவரின் நகலைத் திருப்பித் தரவும் கணினிக் கோப்பை அழிக்கவும் ஒரு பதிவேட்டையும் தயாரிப்பதற்கு, 2027 மே வரை நிர்வாகங்களுக்கு அவகாசம் இருக்கிறது.